வேலியோரச் சாம்பல்

முட்டையின் கூர்முனையில் அடுப்புக்கரியால் ஒரு சின்னக் கோடு. நான் மணமாகி வந்த வாரத்தில் அடுக்களைக் கூடையில் கிடந்த எல்லா முட்டைகளிலும் அதைப் பார்த்தேன். அடைக்கு வைக்கப் போட்ட அடையாளம் என்றுதான் நினைத்தேன். யாராவது எடுத்தால் தெரியவேண்டும் என்று அத்தை, அதாவது என் மாமியார், போட்ட கோடு அது என்பது புரியச் சில நாளாயிற்று. அந்த 'யாராவது' நான்தான் என்பது புரிய இன்னும் சில நாள்.

சின்னாளப்பட்டிக்கு வெளியே, கிளுவை வேலி போட்ட வீடு. பின்னால் சின்னத் தோட்டம்: கொஞ்சம் நிலக்கடலை, ஒரு கொய்யா மரம், ஏழெட்டுக் கோழிகள். அத்தை இளம்வயதிலேயே கணவரை இழந்தவர். பங்காளிகள் வரப்பை நகர்த்தி நகர்த்தித் தன் நிலத்தை விழுங்கியதைக் கண்ணால் பார்த்தவர். அதன்பிறகு அவர் யாரையும் நம்பவில்லை. தண்ணீர்க் குடத்தைக்கூட மூடிவைத்து, மூடி நகர்ந்திருக்கிறதா என்று பார்ப்பார்.

தொண்ணூறுகளின் நடுவில், என் மகள் நடைபழகிய சமயம், கோழிகள் ஒவ்வொன்றாகக் காணாமல் போயின. கடலைப் பாத்தியும் அங்கங்கே கிளறிக் கிடந்தது. அடுத்த வீட்டில் தனியாக இருந்த ஓய்வுபெற்ற தபால்காரர் வேலிக்கு அப்பாலிருந்து, "நரி வருது மதினி. விடியக்காலம் நானே பாத்தேன்" என்றார். அவர் உள்ளே போனதும் அத்தை என்னிடம், "நரியாம் நரி! கோழியத் தின்னவனுக்குத்தான் நரி வந்தது தெரியும்" என்றார்.

அடுத்த வாரம் தொப்பம்பட்டியிலிருந்து வந்த அத்தையின் தம்பி ஒரு பொட்டலத்தை நீட்டினார். பயிருக்குப் போடும் குருணை மருந்து. "கருவாட்டுல வெச்சு வேலியோரம் போடுங்கக்கா. எது வந்தாலும் முடிஞ்சுருமுங்க."

"பிள்ள நாளெல்லாம் அங்கதான் கெடக்கு அத்தை. கையில எடுத்து வாயில வச்சுட்டா? தபால்காரர் ஆடு மேயுற எடம் வேற" என்று சத்தம் போட்டேன்.

"அந்தாளுக்கு நீ எதுக்குடி வக்காலத்து வாங்குற?" என்று அத்தை என்னை மேலும் கீழும் பார்த்தார். நாங்கள் கத்தியது வேலி தாண்டியிருக்கும் என்று அப்போது தோன்றவில்லை. கடைசியில் பொட்டலத்தைத் தம்பியிடமே திருப்பிக் கொடுக்கச் சம்மதித்தார், ஒரு நிபந்தனையோடு. வருவது யாரென்று அவர் கண்ணால் பார்க்கவேண்டும். அன்று சாயங்காலம் சாம்பலைச் சலித்து வேலியின் இருபக்கமும் கோலமாவு போலத் தூவினார்.

விடிந்ததும் என்னை இழுத்துக்கொண்டு போனார். வேலிக்கு வெளியே, டயர் செருப்பின் தடம் பளிச்சென்று தெரிந்தது. தெருவில் டயர் செருப்புப் போடுகிறவர் ஒருவர்தான். அத்தை நேராக அவர் வாசலுக்குப் போனார்.

"ஏ தபால்காரரே, விடியுமுன்ன என் வேலியில ஒமக்கு என்ன சோலி?"

பல் தேய்த்துக்கொண்டிருந்தவர் வாயைக் கொப்பளித்துவிட்டு நிதானமாகச் சொன்னார். "வேலிக்கடியில பொந்து இருக்கு மதினி. தெனமும் முள்ள வச்சு அடைக்கிறேன், அது பறிச்சுட்டுப் போயிருது. சொன்னா நீங்க நம்ப மாட்டீக. அதான் சொல்லல."

திரும்பி வந்து குனிந்து பார்த்தோம். பொந்தில் உடைமுள் திணித்திருந்தது. செருப்புத் தடத்துக்கு அடியில் பாதி அழிந்த சின்னச் சின்னக் கால்தடங்கள். முன்னால் வந்தது நரி, பின்னால் வந்தவர் தபால்காரர். உள்பக்கச் சாம்பலில் நரியின் தடம் மட்டுமே இருந்தது, பக்கத்தில் ஒரு கோழியிறகும். அத்தை குனிந்து அந்த இறகை எடுத்துக்கொண்டார்.

அன்றே வேலை தொடங்கியது. வேலியடியில் முழ ஆழம் தோண்டிக் கம்பிவலை புதைத்தோம், மேலே கல்லும் முள்ளும் வைத்தோம். கோழிக்கூட்டைக் கல்லின் மேல் தூக்கி வைத்துப் பலகைக் கதவு போட்டு, பொழுது சாயுமுன்னே கோழிகளை அடைத்தோம். உதிர்ந்த கொய்யாவைப் பொறுக்கி எடுத்தோம். மீன் கழிவைக் குப்பையில் கொட்டாமல் குழியில் புதைத்தோம். கடலைப் பாத்தியைச் சுற்றிப் பழைய சேலைகளைக் கட்டினோம். தபால்காரர்தான் கடப்பாரை பிடித்தார். நரி சில நாள் வெளியே சுற்றிப் பார்த்துவிட்டு வருவதை நிறுத்திவிட்டது. அதற்கு ஒரு கீறலும் இல்லை.

மன்னிப்புக் கேட்பது அத்தைக்கு வராது. அதற்குப் பதிலாக ஒரு மத்தியானம் கருவாட்டுக் குழம்பு வைத்து, சோற்றோடு தூக்குவாளியில் எடுத்துக்கொண்டு என்னையும் கூட்டிப் போனார். தபால்காரர் மூடியைத் திறந்தார். வாசனை வந்ததும் அவர் முகம் மாறியது. "வச்சுட்டுப் போங்க மதினி, பெறகு சாப்புடுறேன்" என்று மெல்ல வாளியைத் தள்ளி வைத்தார்.

எனக்கு உடனே புரிந்துவிட்டது: கருவாட்டில் மருந்து வைக்க நாங்கள் பேசியது அன்று அவர் காதிலும் விழுந்திருக்கிறது. அத்தைக்குக் கொஞ்ச நேரம் ஆனது. புரிந்தபோது அவர் கோபப்படவில்லை. தரையில் உட்கார்ந்து, தபால்காரர் வீட்டுத் தட்டையே எடுத்துச் சோற்றைப் போட்டு, குழம்பை ஊற்றிப் பிசைந்து, அவர் பார்க்கப் பார்க்க மூன்று வாய் தின்றார். பிறகுதான் தபால்காரர் இன்னொரு தட்டை எடுத்துவந்து எதிரில் உட்கார்ந்தார்.

இருவரும் இன்று இல்லை. அந்தத் தோட்டங்கள் பிளாட்டுகளாகி, ஆளுயர காம்பவுண்டுச் சுவர்கள் எழுந்துவிட்டன. நரியின் ஊளையைக் கேட்டுப் பல வருடமாகிறது. என் வீட்டு வாசலில் கேமரா இருக்கிறது. அழைப்பு மணி அடித்தால் முகத்தைப் பார்க்கிறேன், யாரென்று கேட்கிறேன். தெரிந்த முகம், தெரிந்த குரல் என்று உறுதியான பிறகும், தாழ்ப்பாளில் கைவைத்தபடி ஒரு கணம் நின்றுவிட்டுத்தான் திறக்கிறேன்.