எகிப்து மீனும் கிரவீன் மீன்குழம்பும்

நாங்கள் புலம்பெயர்ந்து வந்து குடியேறிய கிரவீனில் ஒரு வீட்டில் வெள்ளிக்கிழமை தோறும் எங்கள் செபக்கூட்டம் நடக்கும். அன்றைக்கு பைபிள் வாசித்தவர் மன்னாரிலிருந்து வந்த ஓர் அங்கிள். எகிப்தில் அடிமைகளாகக் கிடந்த இஸ்ரயேலரைக் கடவுள் மீட்டு, பாலைவனத்தில் வானத்திலிருந்து மன்னா என்னும் உணவைப் பொழிந்து பசியாற்றுகிறார். அவர்களோ எகிப்தில் தின்ற மீனும் வெங்காயமும் இல்லையே என்று அழுகிறார்கள். கோபம் வந்த கடவுள், மூக்கால் வரும்வரை தின்னுங்கள் என்று காடைகளைக் கொண்டுவந்து கொட்டுகிறார்.

"நன்றி கெட்ட சனம்" என்று சொல்லி அங்கிள் பைபிளை மூடினார். எல்லோரும் உச்சுக்கொட்டினார்கள்.

செபம் முடிந்து சாப்பாடு வந்தது. முதல் வாய் வைத்ததுமே அதே அங்கிள் தொடங்கினார்.

"இதெல்லாம் ஒரு மீனே? ஐஸில கிடந்த சவம். மன்னாரில எண்டால் துள்ளத் துள்ள வாங்கலாம்."

"இஞ்சத்தை வெங்காயத்திலயும் ஒரு வாசமில்லை" என்று பக்கத்துக் கதிரையிலிருந்த அன்ரி ஒத்து ஊதினார். குண்டுக்குத் தப்பி ஓடி வந்த சனம் இது. சமைத்த வீட்டுக்காரி குசினி வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்தார்.

எனக்குப் பொறுக்கவில்லை. "அங்கிள், இதைத்தானே இப்ப வாசிச்சனீங்கள்?" என்றேன்.

"அது அந்த இஸ்ரயேலர், பிள்ளை. நாங்கள் விசுவாசமான சனமெல்லே" என்றார், இன்னொரு அகப்பை குழம்பை ஊற்றிக்கொண்டே.

முணுமுணுத்த இஸ்ரயேலர் மேல் கடவுளுக்குக் கோபமாவது வந்தது. எங்கள் வாயை அடைக்க அவர் ஒரு காடையைக்கூட அனுப்பவில்லை. நாங்கள் பேசுவதைக் கேட்பதையே விட்டுவிட்டார் போலிருக்கிறது.