பதினொரு விநாடிச் சித்தப்பா

"உன்ர படிப்பு எங்கட வீட்டுக்கு என்னத்துக்கு உதவப்போகுது, பிள்ளை?" என்று சித்தப்பா ஒருமுறை கேட்டார். திருகோணமலைக்குப் பக்கத்துக் கிராமமான சல்லியின் கரையில் படகுக்குள் நின்று என்ஜின் பிளக்கைத் துடைத்துக்கொண்டிருந்தார். உயர்தரப் பரீட்சையில் சித்தியடைந்துவிட்டேன், கணினி படிக்கப் போகிறேன் என்று சொல்ல நான் போயிருந்தேன். எங்கள் குடும்பத்தில் எட்டாம் வகுப்பைத் தாண்டியவர் எனக்கு முன் ஒருவரும் இல்லை. அவர் ஏளனமாகக் கேட்கவில்லை. உண்மையிலேயே தெரிந்துகொள்ளத்தான் கேட்டார். அதனால்தான் எனக்குக் கோபம் வந்தது. ஏளனமென்றால் திருப்பிக் கொடுத்திருப்பேன்.

சித்தப்பாவுக்குப் படம் எடுப்பது பிடிக்காது. படம் எடுத்தால் ஆயுள் குறையும் என்பார். கல்யாணத்தில்கூட முகத்தைத் திருப்பிக்கொண்டு நின்றவர். திமிங்கிலம் பற்றிப் படம் எடுக்க வந்த வெளிநாட்டார் இரண்டு கிழமை அவருடைய படகை அமர்த்தியபோது, "திமிங்கிலத்தைப் பிடியுங்கோ, என்னைப் பிடியாதேங்கோ" என்று கையாலும் வாயாலும் சொல்லித்தான் ஏற்றினாராம். அடுத்த வருடம் நெஞ்சுவலி வந்து அதே படகில் சரிந்தார். செத்த வீட்டில் வைக்க அடையாள அட்டைப் படம் மட்டும்தான் இருந்தது. அதைப் பெருப்பித்தபோது முகம் புள்ளி புள்ளியாகக் கலைந்துவிட்டது. சித்தப்பாவின் மனைவி, என் சின்னம்மா, அதற்கு மாலை போட மறுத்தார். "இது ஆரோ" என்றார்.

ஐந்து மாதம் கழித்து அந்த வெளிநாட்டார் அனுப்பிய பொதி வந்தது. உள்ளே அந்தத் திமிங்கிலப் படத்தை அதியுயர் தெளிவில் பதிந்த ஓர் இறுவட்டு. சாதாரணப் பிளேயரில் அது ஓடாது என்று அறிந்து, கட்டாரில் வேலை செய்யும் சின்னம்மாவின் மகன் அதற்கேற்ற கணினி ஒன்றை விடுமுறையில் கொண்டுவந்தார். படத்தின் நடுவில் திமிங்கிலத்தின் முதுகிலிருந்து காட்சி சட்டென்று திரும்பும். சித்தப்பா நிற்பார். கையை நெற்றியில் வைத்து வெயிலை மறைத்துக்கொண்டு, "அந்தா, அந்தா, மூச்சு விடுது" என்பார். பிறகு சிரிப்பார். பதினொரு விநாடி. கன்னத்தில் காய்ந்த உப்பு தெரியும். மேல்பல்லின் உடைந்த ஓரம் தெரியும். ஒவ்வொரு வெள்ளியும் பின்னேரம் கோயிலுக்குப் போய் வந்து, சின்னம்மா அந்த இடத்தைப் பார்ப்பார். அதைக் கைபேசியில் பிடித்து வைக்க எங்களில் ஒருவருக்கும் தோன்றவில்லை. இறுவட்டு இருக்கிறதுதானே என்றிருந்தோம்.

பட்டப்படிப்போடு, நான் திருகோணமலைத் துறைமுக வீதியில் ஒரு கணினி திருத்தும் கடையில் வேலையும் செய்கிறேன். முதலாளி கிண்ணியா ஊர் முஸ்லிம்; அங்கே அண்ணனை அழைப்பதுபோல் எல்லாரும் அவரை 'நானா' என்போம். எங்கள் கடைக்கு ஒரு வழக்கம் உண்டு. எந்தக் கோளாறோடு கணினி வந்தாலும், திருத்தியபின் அதிலுள்ள மென்பொருள் எல்லாவற்றையும் புதிய பதிப்புக்கு மாற்றித்தான் கொடுப்போம். "குளிப்பாட்டி அனுப்புறது" என்பார் நானா. உப்புக் காற்றில் விசிறி இறுகிப்போய்ச் சின்னம்மாவின் கணினி வந்தபோது, அதை என் கையாலேயே குளிப்பாட்டினேன். எங்கள் வீட்டுக்கு என் படிப்பு செய்த முதல் காரியம் என்று மனதுக்குள் பெருமைப்பட்டுக்கொண்டேன்.

அந்த வெள்ளி சின்னம்மாவிடமிருந்து அழைப்பு வந்தது. "பிள்ளை, உன்ர சித்தப்பா வாறாரில்லை."

போய்ப் பார்த்தேன். இந்தக் கணினியில் படத்தை ஓட்ட முடியாது என்று திரையில் ஒரு வரி மட்டும் நின்றது. சின்னம்மா இறுவட்டைச் சேலைத் தலைப்பால் துடைத்துத் துடைத்து வைத்திருந்தார். "கிழமைக்குக் கிழமை பாத்தா தேயாதோ?" என்றார் பக்கத்து வீட்டு அக்கா. அதைக் கடையில் சொன்னபோது, "தேயிறதுக்கு அது என்ன ஆட்டுக்கல்லா, புள்ள?" என்று நானா சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. இறுவட்டில் கீறல் இல்லை. அதை வாசிக்கும் பெட்டியை மாற்றிப் பார்த்தேன். வயரை மாற்றினேன், திரையை மாற்றினேன். மூன்றாம் நாள்தான் படம் ஓட்டும் மென்பொருளின் சோதனைப் பக்கத்தைத் திறந்தேன். எல்லா வரியும் பச்சை. கடைசி வரி மட்டும் சிவப்பு.

இந்தவகைப் படங்கள், பிரதி எடுக்க முடியாதபடி, பூட்டோடுதான் வருகின்றன. அந்தப் பூட்டைத் திறக்க, கணினியின் மூளைக்குள் வெளியார் நுழைய முடியாத ஓர் அறை வேண்டும். சில வருடங்கள் வந்த கணினிகளில் மட்டும்தான் அந்த அறை இருந்தது. பிறகு வந்தவற்றில் அதை விட்டுவிட்டார்கள். சின்னம்மாவின் கணினியில் அது இருந்தது. நான் ஏற்றிய புதிய பதிப்பு அதை மூடிவிட்டது. பழைய பதிப்பைத் திரும்ப ஏற்ற நான்கு முறை முயன்றேன். நான்கு முறையும் அந்தக் கணினி மறுத்தது. கோளாறு என்று ஒன்றும் இருக்கவில்லை. நான்தான் செய்திருந்தேன்.

மின்சாரத்தில் ஏதோ பழுது என்று சொல்லியிருக்கலாம். சின்னம்மா நம்பியிருப்பார். அப்படிச் சொல்ல ஒரு பின்னேரம் முழுவதும் யோசித்தேன் என்பதையும் மறைக்க விரும்பவில்லை. அடுத்த நாள் போனபோது அவர் பாயில் கருவாடு புரட்டிக்கொண்டிருந்தார்.

"சின்னம்மா, அதைப் பழுதாக்கினது நான்தான்."

அவர் நிமிரவில்லை. "தெரிஞ்சோ செய்தனி?"

"இல்லை. நல்லது செய்யிறன் எண்டு நினைச்சு."

"இனிப் பாக்க ஏலாதோ?"

"அந்தக் கணினியில ஏலாது."

கடைசிக் கருவாட்டையும் புரட்டிவிட்டுத்தான் என்னைப் பார்த்தார். "ஆஸ்பத்திரியிலயும் ஏலாது எண்டுதான் சொன்னவை. அண்டைக்கு நான் ஒண்டும் கேக்கேல்லை. நீ படிச்சவள். வேற வழி இருக்கோ எண்டு உன்னட்டக் கேக்கிறன்."

வழி இருந்தது. அந்தச் சிவப்பு வரியின் காரணம் புரிந்தபோதே அதை அறிந்திருந்தேன், சொல்ல மனம் வரவில்லை. படிக்கத் தொடங்கியபோது பழையதாக வாங்கிய என் கணினி அதே வருடங்களைச் சேர்ந்தது. வேலை, படிப்பு என்று ஓடியதில் அதைக் குளிப்பாட்ட எனக்கு நேரம் கிடைத்திருக்கவில்லை. ஆனால் என் பட்டப்படிப்பு முழுவதும் அதில்தான் நடக்கிறது. எங்கள் வீட்டில் என் பெயருக்கென்று இருந்த ஒரே பொருளும் அதுதான். பாடத்துக்கு வேண்டிய மென்பொருள்கள் பழைய பதிப்பில் ஓடாமல் போய்க்கொண்டிருந்தன; அதில் தொடர்ந்து படிக்க வேண்டுமானால், இன்றோ நாளையோ புதிய பதிப்புக்கு மாற்றியே ஆகவேண்டும். மாற்றினால் அந்த அறை மூடிவிடும். இரண்டும் சேர்ந்து நடக்க ஏலாது.

போன வெள்ளி என் கணினியை முச்சக்கர வண்டியில் ஏற்றிச் சல்லியில் சின்னம்மா வீட்டுக்குக் கொண்டுபோனேன். என் பாடங்களை முன்பே வேறாக எடுத்து வைத்திருந்தேன். வாசிக்கும் பெட்டியை இணைத்தேன். மென்பொருளைப் பதிந்து முடித்தேன். சோதனைப் பக்கத்தில் எல்லாம் பச்சை. நீலம் திரை முழுவதும் பரவியது, திமிங்கிலத்தின் முதுகு எழுந்தது, காட்சி திரும்பியது.

"அந்தா, அந்தா, மூச்சு விடுது."

சின்னம்மா அழவில்லை. "கொஞ்சம் மெலிஞ்சுதான் இருந்திருக்கிறார். நான் கவனிக்கேல்லை" என்றார். பிறகு, "இன்னொருக்காப் போடு" என்றார்.

இந்த முறை அதைக் கைபேசியிலும் பிடித்துப் பார்த்தேன்; கன்னத்து உப்பு அதில் தெரியவில்லை. சித்தப்பா ஆறாவது தடவை சிரித்தபோது நான் எழுந்தேன். கணினியின் பின்பக்கம் குனிந்து இணைய வயரைக் கழற்றினேன். வைபை அட்டையையும் திருகாணி கழற்றி எடுத்தேன். இனி எந்தப் புதிய பதிப்பும் அதற்குள் வராது. இரண்டையும் கைப்பையில் போட்டுக்கொண்டு, கணினியைச் சின்னம்மாவிடமே விட்டுவிட்டுத் திருகோணமலை பஸ்ஸில் ஏறினேன். திங்கள் முதல் மத்தியான இடைவேளையில் கடைக் கணினி ஒன்றில் என் பாடங்களைச் செய்கிறேன்.