சுகந்தியின் குவார்ட்டர் பாட்டில்கள்

மரிய சுகந்தி குவார்ட்டர் பாட்டிலைச் சூரியனுக்கு நேராகத் தூக்கிப் பிடிக்கிறாள். ஒரு கண்ணை மூடிக்கொண்டு பார்க்கிறாள், குலுக்கிப் பார்க்கிறாள். ஏரிக்கரை வழியாகத் திருபுவனைக் கம்பெனிக்கு பைக்கில் போகிறவர்கள், "இன்னாக்கா, காலையிலயே ஆரம்பிச்சிட்டியா?" என்று கேட்காமல் போவதில்லை. "ஆமாடா, சைடு டிஷ் இருந்தா குடுத்துட்டுப் போ" என்பாள் அவளும்.

பாட்டிலில் இருப்பது ஏரித் தண்ணீர். கரையையும் மதகையும் பார்த்துக்கொள்ளும் லஸ்கர் வேலையில் அவளுக்குப் பதினோரு வருடம். பிரெஞ்சுக்காரர் காலத்து மதகின் ஓரம், கரையின் வெளிப்பக்கம், கட்டைவிரல் பருமனில் ஓர் ஊற்று கசிகிறது. மண்கரை என்றால் கசியத்தான் செய்யும். தெளிந்து கசிந்தால் பயமில்லை. கலங்கி வந்தால் உள்ளே கரை அரிக்கிறது என்று பொருள். "ஒழுவறது தப்பில்லபா, மண்ணத் தின்னுட்டு ஒழுவக் கூடாது." அவள் படித்த இன்ஜினியரிங் மொத்தமும் இதுதான்.

எவர்சில்வர் சொம்பில் கலங்கல் தெரியாது, கண்ணாடி வேண்டும். புதுச்சேரியில் அதற்கா பஞ்சம்? கரைமேலேயே தினம் நாலைந்து கிடக்கும். ஒன்றைக் கழுவி, லேபிளை நகத்தால் சுரண்டி எடுத்து, சிலுவை போட்டுக்கொண்டு ஊற்றில் பிடிப்பாள். தேதி எழுதிய பிளாஸ்திரி ஒட்டி ஷெட் ஜன்னலில் வரிசையாக வைப்பாள். பங்குச் சாமியார் ஏரிப் பக்கம் வந்தால் மட்டும் அவசரமாக ஒரு துண்டைப் போர்த்துவாள்.

புயல் மழையில் ஏரி நிரம்பிய அந்த வாரம் பாட்டில் சரியில்லை. நாலு நாளாக அடியில் செம்மண் படிந்தது. ஆபீசுக்குப் போன் செய்து சொன்னதற்கு, "கணக்கெடுக்க ஆள் வருவாங்க, அவங்ககிட்ட சொல்லும்மா" என்று வைத்துவிட்டார்கள். கரைக்குக் கீழே நாற்பது வீடு. சுகந்திக்குச் சோறு இறங்கவில்லை.

ஐந்தாம் நாள், அணைகளையும் ஏரிகளையும் ஆபத்து பார்த்துத் தரம் பிரிக்கும் வேலையாக, டேப்லட்டும் கையுமாக வந்தார் இளம் இன்ஜினியர் தமிழ்க்குமரன். கரைமேல் நடந்தார். புல் பச்சையாக இருந்தது, மதகின் ஷட்டர் ஏறி இறங்கியது. "கீழ கரும்பு வயல்னு பழைய ரெக்கார்டு இருக்கு. ஆபத்துக் குறைவு" என்று, கீழே எட்டிப் பார்க்காமலே டிக் அடித்தார். சுகந்தி வாய் திறப்பதற்குள் ஷெட்டுக்குள் எட்டிப் பார்த்தார். ஜன்னல் நிறைய குவார்ட்டர் பாட்டில்கள்.

"டூட்டில குடிக்கிறீங்களாம்மா? எழுதிடுவேன்."

"நல்லா எழுதுங்க சார். அதுக்கு முன்ன ஒண்ண மோந்து பாருங்க."

மோந்தார். பாசி வாசம்தான் அடித்தது. அவருடைய இரண்டு கையிலும் கைக்கொரு பாட்டிலைத் திணித்தாள் சுகந்தி. ஒன்றின் வழியே எதிர்க்கரைப் பனைமரம் தெரிந்தது. இன்னொன்றில் ஒரு விரற்கடை மண்.

"அது ஒண்ணாந்தேதி, இது இன்னிக்கி. கரும்பு வயலுன்னீங்களே, அங்க எட்டு வருசமா வூடு சார். கம்பெனி ஆளுங்க புள்ள குட்டியோட கீறாங்க. மூணாவது வூடு என்னுது."

தமிழ்க்குமரன் பாலிஷ் போட்ட ஷூவோடு சரிவில் இறங்கி ஊற்றில் கை வைத்தார். உள்ளங்கையில் செம்மண் தங்கியது. டிக்கை அழித்துவிட்டு, போனை எடுத்துக் கத்த ஆரம்பித்தார். மத்தியானத்துக்குள், ஏரியின் மட்டம் இறங்க மதகு திறந்தது. தண்ணீரை விட்டு மண்ணை மட்டும் பிடித்துக்கொள்ள, மூன்று டிராக்டரில் மணலும் ஜல்லியும் வந்து ஊற்றின்மேல் இறங்கின. சாயங்காலம் ஊற்று தெளிந்து கசிந்தது. "இப்ப பசிக்குது சார்" என்றாள் சுகந்தி.

ஜீப்பில் ஏறப் போனவர் நின்றார். புல்லில் கிடந்த ஒரு காலி குவார்ட்டரைக் குனிந்து எடுத்து, கூச்சத்தோடு அவளிடம் நீட்டினார். சுகந்தி அதை வெளிச்சத்தில் தூக்கி ஒரு கண்ணால் பார்த்தாள். பிறகு நகத்தால் லேபிளைச் சுரண்டத் தொடங்கினாள்.