தோணி ஏற்ற வாங்கிய வண்டி

மூன்று வருடங்களுக்கு முன்பு, கரவனெல்லைக்கு மேலே நாங்கள் இருக்கும் இறப்பர் தோட்டத்தில் நடந்தது இது. தோட்டக் காரியாலயத்தில் கிளாக்கராக இருந்து ஓய்வு பெற்றவன் நான். எதையும் எண்ணிப் பார்க்காமல் என்னால் இருக்க முடியாது. பஸ்ஸில் ஏறினால் ஜன்னல்களை எண்ணுவேன், சாவு வீட்டில் உட்கார்ந்தால் கதிரைகளை எண்ணுவேன். வீட்டில் எல்லோருக்கும் இதனால் எரிச்சல்தான்.

எங்கள் கீழ்ப் பிரிவில் லயங்கள் எனும் வரிசை வீடுகள் ஓயா என்ற சிற்றாற்றை ஒட்டியவை. பெரிய மழைக்கு, அது போய்ச் சேரும் பெரிய ஆறான கங்கை நிரம்பிவிட்டால், ஓயாத் தண்ணீர் போக வழியில்லாமல் லயங்களுக்குள் திரும்பி வரும். கங்கையில் சுற்றுலாக்காரர்களுக்குத் தோணி விடும் இடமொன்றில், பழசாகிவிட்டதென்று இரண்டு பைபர் தோணிகளை எங்கள் இளைஞர்களுக்குக் கொடுத்திருந்தார்கள். கீழே வைத்தால் வெள்ளம் அவற்றையே கொண்டுபோய்விடும் என்று பயந்து, மேற்பிரிவில் பழைய ஸ்டோருக்குள் கவிழ்த்து வைத்திருந்தோம். ஆனால் முந்திய வெள்ளத்தில், அவற்றைத் தலையில் சுமந்து இறக்குவதற்குள் ஒரு குடும்பத்தின் மாடுகளெல்லாம் செத்துப்போய்விட்டன. அதன் பிறகுதான் தோணி ஏற்ற ஒரு வண்டி வேண்டும் என்று எங்கள் மரண சகாய சங்கம் முடிவு செய்தது.

"கிளாக்கரையாவக் கூட்டிட்டுப் போங்க. அவரு ஆணியக்கூட எண்ணிப் பாத்துத்தான் எடுப்பாரு" என்று யாரோ சொல்ல, கூட்டமே சிரித்தது.

நான் சிரிக்கவில்லை. கீழ்ப் பிரிவில் என் தங்கச்சி தனியாக இருந்தாள். புருஷன் இல்லை, முழங்கால் இரண்டும் மடங்காது. எங்களோடு வந்து இரு என்றால் கேட்க மாட்டாள். அவளை நினைத்துத்தான் போனேன்.

வரக்காப்பொலயில் பழைய வாகனங்கள் விற்கும் ஒரு முஸ்லிம் முதலாளியிடம் போனோம். தோட்டத்தில் ஆட்டோ ஓட்டும் ஒருவரைத்தான் சாரதியாக வைத்திருந்தோம். அவரும் கூட வந்தார். அங்கே பின்தட்டு திறந்த இரண்டு கெப் வண்டிகள் எங்களுக்குத் தோதாக இருந்தன. ஒன்று பளபளவென்று புது உறை போட்ட ஆசனங்களோடு நின்றது. மற்றது வெயிலில் நிறம் போய், ஒரு கதவு நெளிந்து கிடந்தது. சாரதி பளபளப்பானதை விட்டு நகரவே இல்லை. நான் டேப்பை எடுத்துப் இரண்டின் பின்தட்டு நீளத்தையும் அளந்தேன். தோணி எவ்வளவு வெளியே நீட்டும், மேலே கம்பிச் சட்டம் அடித்தால் கயிற்றை எத்தனை இடத்தில் கட்டலாம் என்று கணக்குப் பார்த்தேன். பிறகு சாரத்தை மடித்துக்கொண்டு வண்டிகளுக்கு அடியிலும் புகுந்தேன்.

"பொண்ணு பாக்க வந்தவங்களும் இப்புடிப் பாக்க மாட்டாங்க" என்று முதலாளி சிரித்தார். "என்னத்துக்கு ஐயா வண்டி?"

"வெள்ளத்துல தோணி ஏத்திட்டுப் போக."

அவருடைய சிரிப்பு நின்றுவிட்டது. பிறகு பளபளப்பான வண்டியின் மேல் கையை வைத்து, "அப்ப இத எடுக்க வாணாம். இது தண்ணிக்குள்ள கெடந்த வண்டி. கழுவி மினுக்கி ஈக்கிது. இப்ப ஓடும். ஒரு நாளைக்கு நடு ரோட்டுல நிண்டுரும். அந்தப் பழசு உங்கள கைவிடாது" என்றார்.

முன்பின் தெரியாத அந்த மனிதர், விற்க வேண்டிய வண்டியைப் பற்றி இப்படிச் சொன்னார். பழசையே வாங்கினோம். அம்மன் கோயில் வாசலில் நான்கு எலுமிச்சம்பழங்களை நசுக்கிக்கொண்டு அது தோட்டத்துக்குள் புறப்பட்டது.

மழைக் காலத்தில் வண்டி தோணிக்கு மட்டும்தான் என்பது சங்கத்தின் தீர்மானம். யாருக்கும் இளகாதவன் என்று சாவியை என்னிடம் கொடுத்து வைத்தார்கள். ஆனால் மழைச் சேற்றில் ஆட்டோ ஏறாது, தோட்டத்தில் வேறு வண்டியும் இல்லை. இதுவோ எந்தக் குளிரிலும் ஒரே திருப்பில் கிளம்பியது. அதனாலேயே ஆட்கள் தேடி வந்தார்கள். பாம்பு கடித்தவருக்கு, நெஞ்சு வலி வந்தவருக்கு என்று ஒவ்வொரு தடவையும் சாவி போனது, வண்டியும் திரும்பி வந்தது.

அன்று விடிந்தபோது மழை விடாமல் கொட்டிக்கொண்டிருந்தது. எங்கள் மேற்பிரிவு லயத்து அம்மா ஒருத்தி நனைந்தபடி ஓடி வந்தாள்.

"கிளாக்கரையா, மகளுக்கு வலி கண்டு ராவெல்லாம் துடிக்கிறா. பனிக்குடம் ஒடஞ்சிருச்சுங்க. அம்புலன்ஸ் சந்தி வரைக்கும்தான் வருமாம். அதுவரைக்கும் எப்புடிங்க தூக்கிட்டுப் போறது?"

நான் தங்கச்சிக்குப் போன் எடுத்தேன். "தண்ணி இன்னும் வாசலுக்கே வரலண்ணே. ஏன் காலங்காத்தால பதறுறீங்க?" என்றாள்.

சாரதியும் அவசரப்படுத்தினார். "சுருக்காப் போயிட்டு வந்துர்றேங்க ஐயா. நீங்க பாத்து எடுத்த வண்டிதானே, என்ன பயம்?"

சாவியைக் கொடுத்தேன். வரும்போது தங்கச்சியையும் ஏற்றி வரச் சொன்னேன்.

பிறகு அவரிடமிருந்து போன் வந்தது. "சந்திக்கு அம்புலன்ஸ் வரலைங்க, நானே ஆஸ்பத்திரியில சேத்துட்டேங்க. திரும்பி வர்ற ரோட்ட தண்ணி மூடிருச்சு. வண்டி நல்லாத்தான் இருக்கு ஐயா, ரோடுதான் இல்ல."

அதற்குள் கீழே ஓயாத் தண்ணீர் லயங்களுக்குள் ஏறிவிட்டது. இளைஞர்கள் தோணிகளைத் தலையில் தூக்கினார்கள். வழுக்குப் பாதையில் ஒன்று விழுந்து பிளந்தது. மற்றதைக் கீழே கொண்டுபோய்ச் சேர்த்தபோது லயத்துக் கூரைகள் மட்டும்தான் தெரிந்தன. கூரைமேல் இருந்த எல்லோரையும் இறக்கினார்கள். நான் கரையில் நின்று, வந்திறங்கிய தலைகளை எண்ணினேன். திரும்பவும் எண்ணினேன். ஒன்று குறைந்தது.

பக்கத்து வீட்டுக்காரர்கள் அவளைக் கூரைக்குத் தூக்கப் பார்த்திருக்கிறார்கள். கால் மடங்காததால் முடியவில்லை. மேசைமேல் உட்கார வைத்துவிட்டு, தோணி வந்துவிடும் என்று சொல்லியிருக்கிறார்கள். "அண்ணே வண்டியோட வருவாரு" என்று அவளும் சொன்னாளாம்.

மூன்றாம் நாள் காரியத்தின்போது வரக்காப்பொல முதலாளி போன் எடுத்தார். செய்தியில் எங்கள் பக்கத்தைக் காட்டியிருக்கிறார்கள். "வண்டி கைவிடல்லதானே ஐயா?" என்று கேட்டார். கைவிடவில்லை என்றேன்.

அந்தப் பெண்ணுக்குப் பெண் குழந்தை பிறந்தது. இன்னும் கொஞ்சம் பிந்தியிருந்தால் தாயும் பிள்ளையும் இரண்டு பேருமே இல்லை என்று டாக்டர் சொன்னாராம். என்னை யாரும் ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை. சாவியை வேறு யாராவது வைத்துக்கொள்ளுங்கள் என்று சங்கத்தில் கேட்டேன். ஒருவரும் கை நீட்டவில்லை.

இன்றைக்கும் மழை நாளில் கதவைத் தட்டினால் சாவியைக் கொடுத்துவிடுகிறேன், கொடுத்த பிறகு ஓரிடத்தில் உட்கார முடிவதில்லை. அன்று வண்டி யாருக்காக ஓடியிருக்க வேண்டும் என்ற கணக்கை எந்தப் பக்கமிருந்து போட்டுப் பார்த்தாலும், முடிவில் ஒரு பெண் செத்துத்தான் கிடக்கிறாள்.