நாரணாபுரத்துக்கு மேலே நூற்றிருபது ஷாட்

என் கணவர் இருந்தவரை வீட்டுக் காரின் சாவியைக்கூட என்னிடம் கொடுத்ததில்லை. அவர் போன மறு வருடம், அறுபத்து மூன்று வயதில், சிறு விமானம் ஓட்டப் பழகச் சேர்ந்தேன். விருதுநகரில் இதைக் கேட்டுச் சிரிக்காதவர்கள் குறைவு. கற்க விரும்பும் சிலர் விவரம் கேட்பதால் போன ஜனவரிப் பயணத்தை எழுதுகிறேன். சில பகுதிகளை விட்டுவிட ஆசைதான்.

பயிற்சித் திடல் எங்கள் ஊரிலிருந்து தெற்கே காரில் இரண்டு மணி நேரம். ஒரு மணி நேரம் பறக்கப் பதினைந்தாயிரம் ரூபாய். காலையிலேயே போய்விடுங்கள், வெயில் ஏறினால் கரிசல் காட்டுக்கு மேலே விமானம் மாட்டு வண்டிபோல் குலுங்கும்.

அன்றைய பாடம், சாத்தூர், சிவகாசி வழியாக விருதுநகர் வரை வந்து திரும்புவது. பக்கத்து இருக்கையில் பயிற்றுநர் சுகன்யா, சாத்தூர்ப் பெண். நன்றாக ஓட்டினால் அடுத்த வாரம் இதே வழியில் என்னைத் தனியாக அனுப்புவதாகச் சொல்லியிருந்தாள். ஒரே நிபந்தனை: வழியையும் நேரத்தையும் வெளியில் சொல்லக்கூடாது. முன்பு ஒரு மாணவன், வயலில் கூடி நின்ற நண்பர்களுக்காகத் தாழப் பறந்து காட்டினானாம்.

சாத்தூரிலிருந்து இரண்டாயிரம் அடியில் நூல் பிடித்தாற்போல் வந்தேன். தள்ளித் தள்ளிக் கட்டிய பட்டாசு அறைகள் கீழே தெரிந்தன. சிவகாசியை ஒட்டிய நாரணாபுரம் நெருங்கும்போது கீழேயிருந்து கிளம்பிய வாணம் ஒன்று வெள்ளைப் புகையாக வெடித்தது. பிறகு சிவப்பு, பச்சை, மஞ்சள்.

“எங்கிட்ட குடுங்க” என்று விமானத்தைத் தன் கைக்கு வாங்கிய சுகன்யா, சட்டென்று சரித்துத் திருப்பினாள்.

“அது இம்புட்டு உயரம் வராது” என்றேன்.

“வராதுதான் மேடம், நானும் இந்தப் பக்கத்துக்காரிதான். ஆனா நாம வாரப்ப சரியா எவன் போடுதான்? யாருட்டயும் சொன்னீகளா?”

முந்தின நாளே என் நாத்தனார் ராசாத்திக்குப் போன் செய்திருந்தேன். நாரணாபுரத்தில் பட்டாசுக் கம்பெனி நடத்துபவள்; ‘இந்த வயசுல இது தேவையா?’ என்று சொந்தக்காரர்கள் நடுவில் என்னைக் கேட்டவள். அவள் அண்ணாந்து பார்க்க வேண்டும் என்று நினைத்தேன்.

“நெவர்” என்றேன், கான்வென்டில் பழகிய நிமிர்ந்த குரலில்.

சுகன்யா நம்பிவிட்டாள். “அப்ப எவனோ வேணும்னே பண்ணிருக்கான். இறங்குனதும் போலீசுல சொல்லணும்.”

அப்படியே திடலுக்குத் திரும்பினோம். இறங்கியதும் அவள் போனை எடுத்தாள். அதற்குள் என்னுடையது அடித்தது. ராசாத்தி பேசினால் ஸ்பீக்கர் தேவையில்லை.

“மதினி, பாத்தீகளா? ஒம்பதரைன்னீக, டாண்ணு வந்துட்டீகளே! நூத்திருபது ஷாட்டு, புதுச் சரக்கு. கம்பெனில அம்புட்டுப் பேரும் வெளிய வந்து நின்னோம். அண்ணன் பாக்கக் குடுத்துவைக்கலையே! ஆமா, ஏன் பாதியில திரும்பிட்டீக?”

சுகன்யா தன் போனைப் பைக்குள் வைத்தாள்.

“ஒம்பதரை” என்றாள்.

ஒரு சின்னப் பொய்க்காக என் பழைய டிரைவரை வேலையைவிட்டு அனுப்பியவள் நான். அன்று வீடு வரும்வரை புது டிரைவரின் முகத்தைப் பார்க்க முடியவில்லை. தனியாகப் பறப்பது தள்ளிப்போனது. எதுவரை என்று இன்னும் முடிவாகவில்லை.

போகிறவர்களுக்கு: கண், இருதயச் சோதனைகளை முதலில் முடித்துக்கொள்ளுங்கள். காலையில் இரண்டு இட்லிக்கு மேல் வேண்டாம். சொல்லக்கூடாததைச் சொல்லிவிட்டால், கேட்டவுடன் ஒப்புக்கொள்ளுங்கள். மேலே இருக்கும்போது பக்கத்திலிருப்பவர் உங்கள் வார்த்தையை நம்பித்தான் முடிவெடுக்கிறார்.

நேற்று ராசாத்தி கேட்டாள்: “மதினி, தனியா என்னைக்கு வாரீக? இன்னும் பெருசா வைப்போம்.”

“வைக்காதே. என்றைக்கு என்று எனக்கே தெரியாது” என்றேன். இந்த முறை உண்மை.