இங்கன இருக்கேன்

பேய், ஆவி என்று யாராவது பேச்செடுத்தால் எழுந்து போய்விடுகிற ஆள் நான். சிவகாசியில் காலண்டர் ஆர்டர் பிடித்துப் பிழைக்கிறவனுக்கு அதற்கெல்லாம் நேரமும் கிடையாது. நம்பினால் நம்புங்கள், இது பட்டப்பகலில், இருநூறு பேர் முன்னால் நடந்தது.

விருதுநகரில் நான் படித்த கல்லூரியின் விடுதி மன்றத்துக்கு ஒரு வழக்கம் உண்டு. ஆண்டு விழாவில் பழைய செயலாளர்கள் பெயரை வரிசையாக வாசிப்போம். இருப்பவர் எழுந்து "உள்ளேன் ஐயா" என்பார். இறந்தவர் என்றால் மண்டபமே எழுந்து அவருக்காகச் சொல்லும்.

எங்கள் வருடச் செயலாளர் மாரியப்பன், என் அறைத்தோழன், தாயில்பட்டிக்காரன். தீபாவளி சீசனில், காய்ச்சலில் கிடந்த அப்பாவுக்குப் பதிலாக ஒரே ஒரு நாள் பட்டாசு கம்பெனிக்குப் போனான். மருந்து அறை வெடித்தது. மீதி வருடத்துக்கு ஒரு கம்பெனி முதலாளி மகன் சண்முகராஜ் செயலாளரானான். பட்டியலில் அவன் பெயர் மட்டும்தான்.

இந்த வருடம் வாசிக்கும் வேலை எனக்கு வந்தது. மன்றத் தலைவரிடம் போய்க் கேட்டேன்.

"மாரி பேரு எங்கண்ணே?"

"அவரு வருசத்த முடிக்கலைல்லா? முடிச்சவுக பேருதான் வரும்."

"செத்தவன் எப்பிடிண்ணே முடிப்பான்?"

"விழா அன்னைக்கு எதுக்குப்பா வம்பு? இருக்கறத வாசிங்க."

நானும் மேடையேறி, இருந்ததைத்தான் வாசித்தேன். எங்கள் வருடம் வந்ததும் "சண்முகராஜ்" என்றேன். முன்வரிசையில் அவன் எழுந்து வாய் திறப்பதற்குள், பின்னால் ஜன்னலோரத்திலிருந்து ஒரு குரல் வந்தது.

"இங்கன இருக்கேன்."

விடுதியில் பெயர் கூப்பிடும்போது மாரி ஒருநாளும் "உள்ளேன் ஐயா" சொன்னதில்லை. இதைத்தான் சொல்வான், வார்டனிடம் தினமும் திட்டு வாங்குவான். அது அவன் குரல்தான். அங்கே யாரும் இல்லை. எழுந்த சண்முகராஜ் அப்படியே உட்கார்ந்துவிட்டான்.

மைக் கோளாறு என்று தலைவர் முடித்துவிட்டார். மைக் எப்படி அய்யா தாயில்பட்டிப் பேச்சு பேசும்? வெட்கமாக இல்லையா இவர்களுக்கு? பெயரை இன்றுவரை சேர்க்கவில்லை.

விழாவைப் போனில் பிடித்த வீடியோ என்னிடம் இருக்கிறது. மாரியின் குரல் அதில் பதியவில்லை. அத்தனை தலையும் ஒன்றாகப் பின்னால் திரும்புவது மட்டும் தெரிகிறது. உடனே மைக்கில் இன்னொரு குரல் கேட்கிறது.

"உக்காருலே மாரி."

அது என் குரல். சத்தியமாக நான் அப்படிச் சொல்லவில்லை. இத்தனை வருடம் கழித்து எழுந்து நின்றவனை நான் ஏன் உட்காரச் சொல்லப் போகிறேன்?