அம்மா வாங்கிக் கொடுக்கச் சொன்ன தைலம்

எங்கள் அம்மா திருநெல்வேலிச் சீமையில், நாசரேத் பக்கம் பிறந்தார்கள். மணமாகித் தாராவிக்கு வந்தார்கள். அப்பா இளவயதிலேயே மறைந்துவிட, தோல் கிடங்கில் பச்சைத் தோலுக்கு உப்புத் தடவும் வேலைக்குப் போய் அண்ணனையும் என்னையும் ஆளாக்கினார்கள். எவ்வளவு சோப்புப் போட்டாலும் அந்த வாடை அம்மாவின் கையை விட்டுப் போகாது. அந்தக் கையால் பிசைந்த சோற்றை அண்ணன் ஒருநாளும் வேண்டாம் என்றதில்லை.

நர்ஸ் வேலையில் ஓய்வுபெற்றபின், செம்பூரில் ஓர் ஆஸ்பத்திரிக்குச் சம்பளமில்லாமல் உதவிக்குப் போகிறேன். மலமும் சீழும் எனக்கு அருவருப்புத் தந்ததில்லை. பெற்ற தாய்க்குத் துணி மாற்றக் கூப்பிட்டதும் போனைக் காதில் வைத்துக்கொண்டு வராந்தாவுக்கு நழுவும் மகன்களைக் கண்டால்தான் குமட்டும். முகத்துக்கு நேரே திட்டியும் இருக்கிறேன். கடைசியில் என் அம்மாவே அதே வார்டில் படுத்தபோது எங்கள் வீட்டுப் பிள்ளையின் லட்சணத்தையும் பார்த்தேன்.

அம்மாவுக்கு ஒரே ஆசை, அண்ணன் பக்கத்தில் உட்கார்ந்து ஒரு வாய் கஞ்சி ஊட்ட வேண்டும். "ஏட்டி, ஒங்க அண்ணன் வந்தானா?" என்று தினமும் கேட்பார்கள்.

ஐரோலியில் குடியிருக்கும் அண்ணன் ஒருநாள் வந்தார். வார்டு வாசலோடு நின்றுவிட்டார். மூக்கில் கைக்குட்டை.

"உள்ள வாங்கண்ணே, அம்மா தேடுதாங்க" என்றேன்.

"ச்சே, என்ன நாத்தம்! கொமட்டுதுட்டி. அதான் பாத்துட்டேன்லா, வாரேன்" என்று லிஃப்டைப் பார்த்து நடந்தார்.

படுக்கையிலிருந்தே அம்மா அவரைக் கண்டுவிட்டார்கள். "பாவம், மூக்கப் பொத்திக்கிட்டு நிக்கான். சளி புடிச்சிருக்கும். எனக்கு ஒட்டிரக் கூடாதுன்னுதான் உள்ள வரல. அவனுக்குத் தைலம் வாங்கிக் குடுட்டி" என்றார்கள். அன்று கஞ்சியைத் தொடவில்லை. அடுத்த வாரம் கர்த்தருக்குள் நித்திரையடைந்தார்கள். கல்லறைத் தோட்டத்தில் அண்ணனின் கைக்குட்டை மூக்கிலிருந்து கண்ணுக்கு ஏறியிருந்தது.

"அம்மாவ கண்ணுக்குள்ள வச்சுப் பாத்தோம்னு இந்த நினைவு மலர்ல ஒரு வரி போட்டுரு" என்று இப்போது அண்ணன் போனில் சொல்கிறார். சீ! அம்மா படத்துக்குக் கீழே அந்தப் பொய்யை எழுத எனக்குக் கை வரவில்லை.

நன்றி சொல்ல ஒருவர் இருக்கிறார். பக்கத்துப் படுக்கையில் தம் தாயைக் கவனித்துக்கொண்ட வடாலா ஆட்டோக்காரர். தமிழில் ஒரு சொல் தெரியாது. "மாஸி, தோடா கா லோ" என்று, கொஞ்சம் சாப்பிடச் சொல்லி இந்தியில் கெஞ்சிக் கெஞ்சி எங்கள் அம்மாவுக்கும் ஊட்டினார். புரட்டிப் படுக்க வைக்கவும் கை கொடுத்தார். அவர் ஒருநாளும் மூக்கைப் பொத்தவில்லை.

முதலாண்டு நினைவு ஜெபத்துக்கு வந்திருக்கும் உங்கள் எல்லாருக்கும் வணக்கம். அம்மா சொன்ன தைலத்தை வாங்கி வைத்திருக்கிறேன். ஜெபம் முடிந்ததும் அண்ணன் வந்து வாங்கிக்கொள்ளட்டும்.